சத்தத்துக்கு ஒரு முகவரி

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால், வடகிழக்குப் பாதையின் ஓட்டுநரில்லா ரயில் அரை மணி நேரத்துக்குள் பொங்கோலில் இறக்கிவிடும். 2003இல் திறக்கப்பட்ட இந்தத் தடம் ஹவ்காங் வரைக்கும் ஏறக்குறைய ஒரே சாலையின் போக்கிலேயே செல்கிறது. தேக்கா என்று உள்ளூரார் அழைக்கும் லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையாக இருப்பது போகப்போக அப்பர் சிராங்கூன் சாலையாகிறது. ஃபேரர் பார்க், பூன் கெங், பொத்தோங் பாசிர், உட்லீ, சிராங்கூன், கோவன் என்று நிலையங்கள் நகர நகர, மேலே தரையில் கூட்டம் கரைந்துகொண்டே வருகிறது. ஏறுகிற இடத்தில் மல்லிகைச் சரம், வாழையிலைக் கட்டு, தங்க நகைக்கடை, கடை வாசல் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு, நள்ளிரவு தாண்டியும் ஓயாத முஸ்தபா பேரங்காடி. இறங்குகிற இடத்தில் நீர்வழி ஓரம் ஒரு நடைபாதை, வரிசை மாறாத மரங்கள், பதினாறு பதினேழு மாடி புளோக்குகள், கீழே காற்று மட்டும் புகுந்து போகும் தரைத்தளம். தமிழ்நாட்டிலிருந்து வருகிற பயணிகள் பலர் முதல் நிலையத்தோடு நின்றுவிடுகிறார்கள். வீரமாகாளியம்மன் கோயிலைப் பார்த்து, இலைச்சாப்பாடு சாப்பிட்டு, பை நிறையப் பொருள் வாங்கி, சிங்கப்பூர்த் தமிழர் வாழும் இடத்தைப் பார்த்துவிட்டதாக எண்ணித் திரும்புகிறார்கள். தமிழரில் பெரும்பாலோர் அங்கே வாழவில்லை. அங்கே வருகிறார்கள். வாழ்வது ஈசூனில், உட்லண்ட்ஸில், செங்காங்கில், ஜூரோங்கில், அங் மோ கியோவில். சிராங்கூன் சாலையின் சந்தடி எட்டாத தொலைவில்.

அந்தப் புறநகர் வாழ்க்கை நல்ல வாழ்க்கை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அமைதியான அடுக்குமாடிப் பேட்டைகளை உயிரற்ற இடங்கள் என்று பழிப்பது பயணக் கட்டுரைகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. காலை ஆறு மணிக்கு மின்தூக்கியில் பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் இறங்குகிறார்கள். ஈரச்சந்தையில் மீன் வெட்டுகிற சத்தம். பக்கத்துக் கோப்பிக்கடையில் முதியவர்கள் ஆளுக்கொரு கோப்பியோடு உட்கார்ந்து பேச்சை வளர்க்கிறார்கள். நூலகம், மருந்தகம், பாலர் பள்ளி, சமூக மன்றம், பேருந்து முனையம் எல்லாம் நடக்கிற தூரம். வாசலில் செருப்பு அடுக்கும் தட்டு, அதன்மேல் துளசித் தொட்டி, பக்கத்து வீட்டு வாசலில் ஊதுபத்திச் செம்பு, அதற்கடுத்த வீட்டுக் கதவில் அரபு எழுத்தில் ஒரு வாசகம். இரவு பத்து மணிக்குப் பெண் ஒருத்தி தனியாக நடந்து வீடு திரும்பலாம். சென்னையின் புறநகரில் மனை வாங்கி வீடு கட்டியவருக்கு இந்த அமைதியின் மதிப்பு புரியும். தாம்பரத்துக்கு அப்பாலும் ஆவடிக்கு அப்பாலும் அமைதி என்பது அடுத்த மனையில் அஸ்திவாரம் தோண்டும் வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஆழ்துளைக் கிணறு, கட்டுமான லாரி, ஆடி மாதக் கூம்பு ஒலிபெருக்கி என்று ஊர் நெருங்கி வந்துவிடும். சிங்கப்பூரின் புறநகரில் அமைதி இடையில் வந்துபோகிற ஒன்றல்ல. திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஒன்று. ஆகவே கேட்க வேண்டிய கேள்வியும் கட்டுமானத்தைப் பற்றியதே: இவ்வளவு மக்கள் இவ்வளவு நெருக்கத்தில் வாழ்கையில், எழ வேண்டிய சத்தம் எங்கே போயிற்று? அது மறைந்துவிடவில்லை என்பதும், அதன் பெரும்பங்கு அந்த ரயில் பயணத்தின் மறுமுனையில் குவித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதும், புறநகர்வாசிக்கு அந்தக் குவியலிடம் ஒரு கடன் இருக்கிறது என்பதும் என் வாதம்.

கட்டுமானத்தின் கதை 1960 பிப்ரவரியில் தொடங்குகிறது. அந்த மாதம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் உருவானது. அடுத்த ஆண்டு மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீயில் எரிந்த நெருப்பு சுமார் 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது; அத்தாப்பு ஓலைக் குடிசைகளிலும் கம்பம் எனப்படும் சிற்றூர்களிலும் வாழ்ந்தவர்களை மாடிக்கு ஏற்றுவது அவசர வேலையாயிற்று. முதல் ஐந்து ஆண்டுகளில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழும்பின. 1964இல் சொந்த வீட்டுத் திட்டம், 1968இல் மத்திய சேமநிதிப் பணத்தை வீட்டுக்குப் பயன்படுத்தும் உரிமை, தோ பாயோ, அங் மோ கியோ, ஈசூன் என அடுத்தடுத்து நகர்கள். 1980களின் நடுப்பகுதிக்குள் ஐந்தில் நால்வர் கழக வீடுகளுக்குக் குடிவந்துவிட்டார்கள். தமிழருக்கு இந்த இடப்பெயர்ச்சியில் தனிப்பட்ட ஓர் அத்தியாயம் உண்டு. அவர்கள் வேலையிடத்தை ஒட்டிக் கூட்டமாக வாழ்ந்தவர்கள்: செம்பவாங் கடற்படைத் தளத்தைச் சுற்றி, தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளில், சிலேத்தார் விமானத் தளத்தை அடுத்த ஜாலான் காயுவில். பிரிட்டிஷ் படைகள் விலகுவதாக 1968இல் அறிவித்து 1971இல் விலகியபோது, தளத்தோடு வேலையும் வேலையோடு குடியிருப்பும் போயின. அந்தக் கூட்ட வாழ்க்கையின் எச்சமாக மரத்தடியில் தொடங்கிய முருகன் கோயில் ஒன்று இன்று ஈசூன் தொழிற்பேட்டையில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமாக நிற்கிறது; பங்குனி உத்திரத்தன்று அந்த வட்டாரம் ரதமும் காவடியும் காண்கிறது. மக்கள் பிரிந்தார்கள், கோயில் பிரியவில்லை. ஆண்டுக்கொரு நாள் அவர்கள் திரும்பி வந்து சேர அதுதான் முகவரி.

சத்தத்தின் கதை இதற்கு இணையாகவே ஓடுகிறது. மூன்று ஆண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் அது தெரியும். 1970 சீனப் புத்தாண்டில் பட்டாசு விபத்துகளில் ஆறு பேர் இறந்ததைத் தொடர்ந்து முதலில் கட்டுப்பாடும் 1972இல் முழுத் தடையும் வந்தன. சீனருக்கு மட்டுமல்ல, தீபாவளிக்கும் பட்டாசு அன்றோடு முடிந்தது. 1973இல் சமயப் பாத ஊர்வலங்களில் இசைக்கருவிகள் தடைசெய்யப்பட்டன. தைப்பூசக் காவடி, மேளமும் உறுமியும் இல்லாமல் நடக்க வேண்டியதாயிற்று. 1974 வாக்கில் பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் உட்பக்கமாகத் திருப்பப்பட்டன, பாங்கோசை வானொலி வழியே வீட்டுக்கு வந்தது. சீனர், தமிழர், மலாய்க்காரர் ஆகிய மூவரும் அடுத்தடுத்த ஆண்டுகளில் தங்கள் பொது ஒலியைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, இரைச்சல் குறைப்பு என்று தனித்தனிக் காரணம் உண்டு. 1964, 1969 இனக் கலவரங்களின் நினைவும் அன்று பசுமையாக இருந்தது. ஆனால் மூன்றும் நிகழ்ந்த காலம் மக்கள் மாடிவீடுகளுக்குக் கூட்டங்கூட்டமாகக் குடிபெயர்ந்த காலம் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. கம்பத்தில் ஒரு வீட்டின் கொட்டுச்சத்தம் அதே மொழி பேசுகிற, அதே விழாவைக் கொண்டாடுகிற பக்கத்து வீட்டுக்குத்தான் கேட்டது. மாடியில் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வேறு மொழி, வேறு சாமி, வேறு வேலைநேரம். தமிழ்நாட்டில் தீபாவளி விடியலைச் செவியால் அறிகிறவர்களுக்கு, ஈசூன் புளோக் ஒன்றின் தீபாவளி முதலில் விழாவாகவே படாது. தாழ்வாரத்தில் வண்ணவிளக்குச் சரம், வாசலில் கோலம், எதிர்வீட்டுக்குப் பலகாரத் தட்டு. பார்க்கவும் பகிரவும் உரிய விழாவாக அது மாறியிருக்கிறது. அதில் இழப்பும் இருக்கிறது, அழகும் இருக்கிறது. தட்டு கைமாறும்போது சீனப் பாட்டி முறுக்கின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது பட்டாசு வெடித்த காலத்தில் இவ்வளவு எளிதாக நடந்திருக்காது.

இப்போது 1989க்கு வர வேண்டும். மொத்த விஷயமும் அந்த ஒரே ஆண்டில் அடங்கியிருக்கிறது. அந்த ஆண்டு மார்ச் முதல் தேதி, கழக வீடுகளில் இன ஒதுக்கீட்டுக் கொள்கை நடப்புக்கு வந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எவ்வளவு விழுக்காடு இருக்கலாம் என்பதற்கு மேல்வரம்பு வந்தது. இந்தியருக்கும் பிற இனத்தவருக்கும் சேர்த்து வட்டாரத்தில் 10, புளோக்கில் 13 விழுக்காடு. 2010இல் அது 12, 15 என்று உயர்ந்தது. அதே 1989 ஜூலையில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட மரபு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. மார்ச்சில் மக்களைப் பரப்பினார்கள். ஜூலையில் அந்த மக்களின் கடைவீதியை ஓரிடத்தில் நிலைநிறுத்தினார்கள். இரண்டும் வெவ்வேறு அமைப்புகள், வெவ்வேறு நோக்கங்களோடு எடுத்த முடிவுகள். ஆயினும் விளைவு ஒரே திசையில் சேர்ந்தது. இந்தியர் என்ற அடையாளத்தின் அன்றாடம் எங்கும் சிறுபான்மையாகப் பரவி அடங்கியது. அதன் ஒலி, மணம், கூட்டம், வண்ணம் எல்லாம் ஒரே முகவரிக்கு அனுப்பப்பட்டன. பூ வேண்டுமா, தேக்கா. முருங்கைக்காய் வேண்டுமா, தேக்கா. கல்யாணம் என்றால் சீனிவாசப் பெருமாள் கோயிலை அடுத்து கோவிந்தசாமிப் பிள்ளை கட்டித்தந்த மண்டபம். 2015இல் இந்திய மரபுடைமை நிலையமும் கேம்பல் லேனிலேயே திறக்கப்பட்டது. செங்கல் சூளைகளும், 1840களில் வந்த குதிரைப் பந்தயத் திடலும், பிறகு மாட்டு வியாபாரமும் இழுத்துவந்த தொழிலாளர்களால் தானாக வளர்ந்த ஒரு வட்டாரம், ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஓர் இனத்தின் பொதுவாழ்வு முழுவதையும் சுமக்கிற இடமாயிற்று.

இந்த ஏற்பாட்டில் புறநகரின் அமைதி எப்படிக் காக்கப்படுகிறது என்பதைக் காட்ட ஒரு குழம்புக் கதை போதும். 2011 ஆகஸ்ட்டில் ஒரு நாளிதழ், 1998இல் தொடங்கிய சமூக மத்தியஸ்த நிலையம் சில ஆண்டுகளுக்கு முன் தீர்த்துவைத்த வழக்கொன்றைச் சொன்னது. சீனாவிலிருந்து குடிவந்த ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து இந்திய வீட்டுக் குழம்பு வாசனை பொறுக்கவில்லை. பேச்சு நடந்து, சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் குழம்பு வைப்பதென்று இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு அவர்கள் தங்கள் குழம்பை ஒருமுறை ருசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. செய்தி வெளியானதும் நாடு கொதித்தது. ஆகஸ்ட் 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குழம்பு வைப்போம் என்று இணையத்தில் ஓர் அழைப்பு வந்தது. 50,000க்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள், அவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். முடிவு யாரும் திணித்ததல்ல, இரு தரப்பும் தாமே ஒப்புக்கொண்டது என்று அரசு விளக்கியது. அது உண்மைதான். இதில் என்னைக் கவர்வதும் அந்த ஒப்புதலே. எவரும் கட்டாயப்படுத்தாமலே, சிறுபான்மைக் குடும்பம் தன் சமையலை அடுத்தவர் வெளியே போகும் நேரத்துக்கு ஒதுக்கிவைக்க முன்வந்தது. புறநகரின் அமைதி பெரும்பாலும் இப்படித்தான் நிலைக்கிறது: போலீஸால் அல்ல, சட்டத்தால்கூட அல்ல, முன்கூட்டியே விட்டுக்கொடுக்கிற பழக்கத்தால். அந்தப் பழக்கத்துக்குத் தலைவணங்கலாம். ஆனால் யார் அதிகமாக விட்டுக்கொடுக்கிறார்கள் என்று கணக்குப் பார்க்காமல் வணங்கக்கூடாது. 2011இல் குழம்பு வைத்த அந்த ஆயிரக்கணக்கானோர் பார்த்ததும் அந்தக் கணக்கைத்தான்.

இரண்டாவது சான்று இன்னும் கடினமானது. ரயிலில் சிராங்கூன் நிலையத்தில் இறங்கி பேருந்தில் சற்றுத் தூரம் போனால் சிராங்கூன் கார்டன்ஸ். 1950களில் உருவான தரைவீட்டுப் பேட்டை. பக்கத்துச் சிலேத்தார் தளத்துப் பிரிட்டிஷ் அதிகாரிகள் குடியிருந்த இடம், தெருப்பெயர்கள் இன்றும் அதைச் சொல்கின்றன. இரவில் சோம்ப் சோம்ப் உணவங்காடி தவிர மற்றதெல்லாம் உறங்கிவிடும். 2008இல், அங்கே மூடிக்கிடந்த தொழில்நுட்பப் பள்ளிக் கட்டடத்தை வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியாக்க அரசு நினைத்தது. சுமார் 1,400 குடும்பங்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டன. பாதுகாப்பு கெடும், வீட்டு விலை இறங்கும், பூங்காவில் அந்நியர்கள் கூடுவார்கள் என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். அக்டோபரில் அரசு முடிவை அறிவித்தது: விடுதி வரும், ஆனால் சுமார் 600 பேருக்கு மட்டும், குடியிருப்புத் தெருக்கள் வழியாக அவர்கள் போகாதபடி தனி அணுகுசாலையோடு. விடுதி அடுத்த ஆண்டு திறந்தது. சிராங்கூன் கார்டன்ஸ் இன்றும் விலை உயர்ந்த, அமைதியான பேட்டையாகவே இருக்கிறது. விடுதியைக் கைவிடாததற்கு அரசைப் பாராட்டலாம். ஆனால் அந்தத் தனிச்சாலை சொல்வதை மறுக்க முடியாது. அங்கே அஞ்சப்பட்டது டெசிபல் அல்ல. வேலை முடித்து வரும் ஓர் ஊழியன் கைபேசியில் ஊருக்குப் பேசிக்கொண்டு வேலியோரம் நடந்து போவது அஞ்சப்பட்டது. அமைதி என்ற சொல்லுக்குள் எவ்வளவு எளிதாக ஆட்களும் சத்தமாக எண்ணப்பட்டுவிடுகிறார்கள் என்பதை அந்த ஒரு சாலை காட்டிவிட்டது.

அந்த ஆட்கள் பிறகு எங்கே கூடினார்கள் என்று கேட்டால் மீண்டும் தேக்காவுக்குத்தான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் துவாஸ், கிராஞ்சி, பொங்கோல் ஓரங்களின் தங்குவிடுதிகளிலிருந்து வந்து இறங்கியவர்களால் ரேஸ் கோர்ஸ் சாலைப் புல்வெளிகளும் பஃபலோ சாலையும் நிரம்பும். புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை ஊர்க்காரர்கள் ஓரிடத்தில். லெம்பு சாலைப் பக்கம் வங்காளதேசத்தவர். பணம் அனுப்ப வேண்டும், தலைமுடி வெட்ட வேண்டும், வாரம் ஒருமுறையாவது ஊர்ப் பேச்சில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். செங்காங்கிலும் பொங்கோலிலும் புதிதாக நிற்கும் புளோக்குகளில் இவர்களைப் போன்றவர்களின் கை படாத சுவர் அநேகமாக இருக்காது. ஆனால் அந்தப் புளோக்கின் தரைத்தளத்தில் ஞாயிறு மாலை நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்தால் அது கேள்விக்குரிய காட்சி. ஆகவே ஒரு வாரத்தின் சத்தம் முழுவதும் சில தெருக்களில் சில மணி நேரத்தில் வந்து இறங்கியது. 2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் கூடும் இடத்தில் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் தனியார் பேருந்தில் அடிபட்டு இறக்க, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காணாத கலவரம் வெடித்தது; வண்டிகள் எரிந்தன, காவலர்களும் மீட்புப் படையினரும் காயமடைந்தனர். விசாரணைக் குழு அமைந்தது, 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கலவரத்தை நியாயப்படுத்த எந்த வாதமும் இல்லை. ஆனால் வாரம் தவறாமல் இவ்வளவு பேரை இவ்வளவு சிறிய இடத்தில் சேர்த்தது யாருடைய தனி விருப்பமும் அல்ல, வேறெங்கும் இடமில்லாமை. 2020இல் கோவிட் அந்த உண்மையை வேறு விதமாகக் காட்டியது. தங்குவிடுதிகளில் இருந்தவர்கள் 3,00,000க்கும் மேல். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாக அரசே தெரிவித்தது. புறநகர்க் குடும்பங்கள் வீட்டில் பத்திரமாக இருந்த அதே மாதங்கள் அவை. 2022 ஜூனில்கூட, ஞாயிறிலும் பொது விடுமுறையிலும் லிட்டில் இந்தியா போன்ற நெரிசலான இடங்களுக்குப் போக விடுதி ஊழியர் மட்டும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டிய ஏற்பாடு இருந்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவை வலுவானவை. சுமார் 735 சதுர கிலோமீட்டரில் 60 லட்சம் பேர் வாழும் தீவில் அமைதியைக் காப்பது ஆடம்பரம் அல்ல, தேவை என்பது முதலாவது. உண்மை. இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்கும் செவிலிக்கும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் சுவர் ஒன்றுதான். 2022இல் அண்டைவீட்டு இரைச்சல் பற்றிய சமூக ஆலோசனைக் குழு அமைதி நேரத்தை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கப் பரிந்துரைத்ததையும் நான் குறை சொல்லவில்லை. கடிகாரத்தைக் கொண்டு அடக்குகிற அமைதி எல்லோருக்கும் ஒன்றுபோல விழுகிறது. சீனரின் ஏழாம் மாதத்துக் கெத்தாய் மேடைக் கச்சேரியின் பாட்டு செவிகிழிய ஒலிக்கும், 10.30க்கு நின்றுவிடும்; தரைத்தளத்தில் மலாய்க் கல்யாணத்தின் கொம்பாங் மேளம் ஒலிக்கும், மறுநாள் அதே இடத்தில் சீன மரண வீட்டின் பாராயணம் கேட்கும். இவை நேரத்தால் அளக்கப்பட்ட சத்தங்கள், அக்கம்பக்கம் சகித்துக்கொள்கிறது. என் கேள்வி இடத்தால் அளப்பதைப் பற்றியது. நேரத்தைக் குறைப்பது ஓர் ஒப்பந்தம். இடத்தையே மாற்றி வேறெங்கோ போய்ச் சத்தம் போடு என்பது ஒப்பந்தமல்ல. இன்னொரு மறுப்பு, இன ஒதுக்கீடு இல்லையென்றால் தனித்தனி இனச் சேரிகள் உருவாகியிருக்கும் என்பது. பல நாடுகளின் நகர்ப்புறங்களைப் பார்த்தவர்கள் இதை எளிதில் தள்ள மாட்டார்கள், நானும் தள்ளவில்லை. ஆனால் அதன் விலை எல்லோருக்கும் சமமல்ல. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் வீடு விற்கும் இந்தியருக்கு வாங்குவோர் வட்டம் சுருங்கிவிடுகிறது, விலையும் சரிகிறது. 2022இல் அப்படிச் சிக்கியவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் வழி அறிவிக்கப்பட்டது, குறை இருந்ததை ஒப்புக்கொண்டதன் அடையாளமாக. லிட்டில் இந்தியாவுக்கு வியாபாரம் கிடைக்கிறதே, அதற்கென்ன குறை என்பார்கள். அங்கேயும் வீடுகள் உண்டு. தேக்கா சந்தையின் தலைமேலும் ரோவல் சாலைப் பக்கமும் கழகக் குடியிருப்புகள் நிற்கின்றன, அங்கே குடியிருப்போரில் சீனர்களே அதிகம். ஞாயிறு மாலை தன் தரைத்தளத்தில் இடம் கிடைக்காமல் தவிக்கிற மூதாட்டி ஒருவருக்கு சிராங்கூன் கார்டன்ஸ்காரரின் அமைதியில் ஏன் பங்கில்லை? குவிப்பு முறையின் பாரம் அங்கே வருகிறவர் மீது மட்டும் விழவில்லை, அங்கே வசிப்பவர் மீதும் விழுகிறது.

தமிழர் என்ற முறையில் கவலைப்பட இன்னொன்றும் இருக்கிறது, அது மொழி. தமிழ் ஆட்சிமொழி, பள்ளியில் தாய்மொழிப் பாடம், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு இன்றும் நாளேடு. ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுவோர், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. குழந்தை புளோக்கை விட்டு இறங்கினால் மின்தூக்கியில் ஆங்கிலம், கோப்பிக்கடையில் மாண்டரின், விளையாட்டுத் திடலில் மறுபடி ஆங்கிலம். தமிழ் கற்பிக்காத பள்ளியில் படிக்கிற பிள்ளை, வகுப்புக்காக உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த நிலையம் இருப்பது பீட்டி சாலையில், லிட்டில் இந்தியாவை ஒட்டி. பூவைப் போலவே தமிழையும் ரயிலேறிப் போய் எடுத்துவர வேண்டிய பொருளாக்கிவிட்டது இந்த அமைப்பு. ஒரு மொழி உயிரோடிருக்க வகுப்பறை போதாது. தெருவில் தற்செயலாகக் காதில் விழ வேண்டும், கடைக்காரர் பேச வேண்டும், தாத்தாவின் நண்பர் கூப்பிட்டு அதட்ட வேண்டும். அந்தத் தற்செயலைத்தான் அமைதியான புறநகர் நமக்கு மிகக் குறைவாகத் தருகிறது. இதற்கு ஒதுக்கீட்டை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல. வீட்டுக்குள் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தது பெற்றோர்தாம். ஆனாலும் வீட்டுக்கு வெளியே மொழிக்குக் காது கொடுக்கும் சூழல் இருந்திருந்தால் அந்தத் தேர்வு வேறாகவும் இருந்திருக்கலாம்.

ஏற்பாடுகள் மாறக்கூடியவை என்பதற்கும் சான்று இருக்கிறது. 2015 தைப்பூசத்தில் உறுமி வாசிப்பது தொடர்பாக எழுந்த சச்சரவில் மூவர் கைதானார்கள். சமூகத்துக்குள் நீண்ட விவாதம் நடந்தது. அடுத்த ஆண்டு, 1973 முதல் இருந்த தடை தளர்ந்தது: சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயில் வரைக்குமான பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசை அனுமதிக்கப்பட்டது. பிறகு இன்னும் கொஞ்சம் விரிந்தது. காவடி எடுப்பவர் மேளம் கேட்டு நடந்தார். நாட்டின் ஒழுங்கு குலையவில்லை. இதே துணிவைப் புறநகரிலும் காட்டலாம். தங்குவிடுதிகளை ஒட்டி ஊழியர்களுக்குப் பொழுதுபோக்கு நிலையங்கள் கட்டுவது நல்லதே, ஆனால் அவை அவர்களை மீண்டும் ஓரத்திலேயே வைக்கின்றன. பொங்கோலிலும் செங்காங்கிலும் ஈசூனிலும் நகர மையத்தை ஒட்டி ஞாயிறு பிற்பகலுக்கு ஒரு திடல், பணம் அனுப்பும் கடை ஒன்று, தமிழும் வங்காளமும் பேசும் முடிதிருத்தகம், விலை மலிந்த ஓர் உணவுக்கடை இருந்தால் தேக்காவின் ஞாயிறு பாதியாகும், ரோவல் சாலைக்காரருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும், புறநகர்ப் பிள்ளையின் காதிலும் தமிழ் தானாக விழும். அதை எதிர்த்து மறுபடி 1,400 கையெழுத்துகள் வரலாம். வந்தால் அவற்றுக்குப் பதில் சொல்ல 2009இல் திறந்த சிராங்கூன் கார்டன்ஸ் விடுதியும், குறையாத அந்தப் பேட்டையின் வீட்டு விலைகளும் இருக்கின்றன. வேலையைத் தொடங்க வேண்டியவர்கள் அமைச்சர்கள்கூட அல்லர். குடியிருப்பாளர் குழுக்களும் சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழுக்களும்தான். கெத்தாய் மேடைக்கு இரவு 10.30 வரை இடம் தருகிற அதே திடலை, பொங்கலை ஒட்டிய ஒரு ஞாயிறு மாலை பறைக்கும் உறுமிக்கும் கேட்டு, பக்கத்துத் தங்குவிடுதிக்கும் அழைப்பு அனுப்ப அவர்களுக்கு இப்போதே வழி இருக்கிறது.